தீவன அறைக்குள் வருவது எலியா, மரநாயா, நாயா? மருந்து வாங்கும் முன்

கேள்வி: 2024 நவம்பர் 8
தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தீவனம் போடும் அறை முழுக்க எலி. புண்ணாக்கு மூட்டை, சோள மூட்டை எல்லாவற்றிலும் ஓட்டை. ராத்திரியானால் ஓட்டுக்கு அடியில் தடதடவென்று ஏதோ ஓடுகிறது, எலி இவ்வளவு கனமாக ஓடாது. போன வாரம் இரண்டு கோழி செத்துக் கிடந்தன. மருந்து வைத்தால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். எந்த மருந்து வாங்கலாம்?

2024 நவம்பர் 9, காலை
மருந்து இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரே பிராணியின் வேலை இல்லை. மூட்டையைக் கடிப்பது ஒன்று, ஓட்டுக்கு அடியில் ஓடுவது ஒன்று, கோழியைக் கொன்றது வேறொன்றாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து வைத்தால் சாகக் கூடாதது சாகும். எங்கள் தோட்டத்தில் அப்படி ஆகியிருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அடுப்புச் சாம்பலைச் சலித்து, பொழுது இறங்கியதும் வாசற்படியிலும் சுவரோரத்திலும் கோழி அடைக்கும் குடாப்பைச் சுற்றியும் மெல்லிசாகத் தூவுங்கள். விடிவதற்கு முன் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு தடமும் நிழலோடு எழும்பி நிற்கும். நாய்க்கும் பூனைக்கும் நான்கு விரல். நாய்க்கு நகம் பதியும், பூனைக்குப் பதியாது. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல். எலி போன இடத்தில் சில சமயம் வால் இழுபட்ட கோடு நடுவில் கிடக்கும். பாம்பு போயிருந்தால் சாம்பலை யாரோ விரலால் வழித்துவிட்ட மாதிரி இருக்கும்.

புழுக்கையையும் பாருங்கள். சுண்டெலியுடையது சீரகம் அளவுதான். வீட்டெலியுடையது இரண்டு முனையும் கூராக, அரை அங்குல நீளம். பெருச்சாளியுடையது அதைவிடத் தடிமன். மரநாய் பழம் தின்னும், அதனால் எச்சத்தில் கொட்டையும் விதையுமாக இருக்கும், அதுவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு வைக்கும்.

கோழியைக் கொன்றது மரநாய்தான் என்று நினைக்கிறேன்.

2024 நவம்பர் 9, ராத்திரி
ஒன்று விட்டுப்போனது. மோட்டார் ரூமையும் பாருங்கள், ஆனால் மெயினை இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். தீவன அறையில் எலி இருந்தால் மோட்டார் ரூமிலும் இருக்கும், ஒயரைக் கடிக்கும். எங்கள் பெட்டிக்குள் பல்லி செத்து ஒட்டிக்கொண்டு இரண்டு தடவை மோட்டார் எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் பல்லிதான் என்று வீட்டுக்காரர் கையை விடப் போனார். உள்ளே ஒரு பாம்பு சுருண்டிருந்தது. என்ன பாம்பு என்று நின்று பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை.

2024 நவம்பர் 12
கேள்வி கேட்டவர் அரிசிமாவில் கோலமாவு தூவினாராம், விடிவதற்குள் எறும்பும் எலியுமாகத் தின்றுவிட்டதாம். அரிசிமாவு வேண்டாம். சாம்பல் கிடைக்கவில்லை என்றால் கல்மாவு போடுங்கள். சுண்ணாம்புத் தூளும் வேண்டாம், கோழி கொத்தும்.

2024 நவம்பர் 17
மருந்துக் கதை. எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மழைக்காலம், எங்கள் சாளையிலும் இதே நிலைமை. புரோமாடியோலோன் கட்டி வாங்கி வந்து மூட்டைக்குப் பின்னால், ஓட்டு விட்டத்தில், மோட்டார் ரூமில் என்று வைத்தோம். அந்த மருந்தைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது. அது ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து. தின்ற பிறகு எலி நான்கைந்து நாள் உயிரோடு இருக்கும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சோர்ந்து போய் மெதுவாக நடமாடும். மெதுவாக நடமாடுகிற எலியைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள்.

மோட்டார் ரூம் சுவரில் மேலே ஒரு பொக்கை உண்டு. அதில் ஒரு கூகை ஜோடி வருஷக்கணக்காக இருந்தது. முகம் வெள்ளையாக, நடுவில் வெட்டிய ஆப்பிள் மாதிரி இருக்குமே, அந்த ஆந்தை. ராத்திரி அது போடும் சத்தத்துக்கு எங்கள் சின்னவன் பயப்படுவான். மருந்து வைத்த பத்தாவது நாள் காலையில் மோட்டார் போடப் போனேன். கூகை தரையில் கிடந்தது. ஒரு இறக்கை விரிந்து, அலகு ஓரத்தில் காய்ந்த ரத்தம் ஒரு பொட்டு. கையில் எடுத்தால் கனமே இல்லை. அவ்வளவு பெரிய பறவை, ஒரு துண்டை மடித்து வைத்த கனம்தான் இருந்தது. இன்னொன்று அதற்கப்புறம் இரண்டு ராத்திரி வந்து கத்தியது. பிறகு அதையும் காணோம்.

ஒரு கூகை ராத்திரிக்கு ஒன்றிரண்டு எலியாவது பிடிக்கும், குஞ்சு இருந்தால் இன்னும் அதிகம். சம்பளம் வாங்காமல் காவல் இருந்த ஜோடியை நாங்களே காசு கொடுத்துக் கொன்றோம். அந்த வருஷம் தை மாதத்துக்குள் எலி முன்பைவிட அதிகமாகிவிட்டது. விட்டத்துக்கு மேலே செத்த எலி நாற்றம் இருபது நாள் போகவில்லை, ஓட்டைப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது.

2024 நவம்பர் 18
சிலர் பசை மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். பழைய ட்யூப் எங்காவது பரணில் கிடந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் முதலில் அப்புறப்படுத்துங்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. விழுங்கியவர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார், சாப்பிடுவார், ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட்டுவிடும். எந்த எலி மருந்தானாலும், கொஞ்சம்தான் என்றாலும், உடனே 108ஐக் கூப்பிட வேண்டும், மருந்து வந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே ஊசி உண்டு, நாய் தின்றுவிட்டாலும் கால்நடை மருத்துவர் அதைத்தான் போடுவார். என்ன மருந்து என்று சொன்னால்தானே அவரால் போட முடியும்.

2024 டிசம்பர் 1
"ஓட்டுச் சாளையில் சந்தை எப்படி அடைக்க முடியும், நூறு சந்து இருக்குமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். சாளை முழுவதையும் அடைக்க வேண்டாம், தின்பதற்கு இருக்கிற ஒரு அறையை மட்டும் அடையுங்கள்.

நாங்கள் செய்தது இது. அறையைக் காலி செய்துவிட்டுப் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே நின்றேன். வெளிச்சம் எங்கெல்லாம் புள்ளியாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். இருபத்திமூன்று வட்டம். சுண்டெலிக்குக் கால் அங்குலம் போதும், எலிக்கு அரை அங்குலம் போதும், தலை நுழைந்தால் உடம்பு வந்துவிடும். எலி தோண்டிய பொந்துக்கு வங்கை என்போம், அது எல்லாவற்றிலும் உடைந்த கண்ணாடியைத் திணித்து, மேலே சிமென்ட் பூசினோம். வெறும் சிமென்டை ஈரத்தோடு இருக்கும்போதே தோண்டிவிடும். கதவின் அடிப்பக்கம் ஒரு அடி உயரத்துக்குத் தகரம் அடித்தோம். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி முழுக்கக் கம்பி வலை.

மூட்டை தரையில் கிடப்பதை நிறுத்தினோம். கட்டை அடித்து அதன்மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தோம். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தச் சந்துதான் எலிக்கு ரோடு. உடைத்த மூட்டை எதுவானாலும் 200 லிட்டர் நீல டிரம்முக்குள், மூடி போட்டு. ஒரு எலி ஒரு நாளைக்குத் தின்பது 25 கிராம்தான். மிச்சமெல்லாம் சிந்துவதும், சிறுநீர் விட்டு நாசம் பண்ணுவதும்தான். எலிக்காய்ச்சல் வருவது அந்தச் சிறுநீரிலிருந்து. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் செருப்பு இல்லாமல் அந்த அறையைக் கழுவாதீர்கள்.

மொத்தச் செலவு டிரம்மோடு சேர்த்து ஒன்பதாயிரம் சொச்சம். ஒரு மழைக்காலத்தில் வீணான புண்ணாக்குக் கணக்கே அதற்குக் கிட்ட வந்தது.

2024 டிசம்பர் 3
வலை என்று மட்டும் எழுதிவிட்டேன், தப்பு. அறுகோணக் கண் வைத்த கோழி வலையை வாங்கிவிடாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் இருப்பதற்கு, எலி உள்ளே வராமல் இருப்பதற்கு அல்ல. கம்பியும் மெல்லிசு, பெருச்சாளி கடித்துவிடும். கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள், சுண்டெலியும் நுழையாதபடி கால் அங்குலக் கண்ணாக. நாங்கள் முதலில் கோழி வலை அடித்து, மூன்று வாரத்தில் பிரித்து மறுபடி அடித்தோம்.

2024 டிசம்பர் 15
அடைத்ததும் முதல் நான்கு நாள் சத்தம் அதிகமாகும், பயப்படாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டது வெளியே போகப் பார்க்கும். அதற்குத்தான் பொறி.

பொறி வைக்கிறவர்கள் செய்யும் தப்பு, வாங்கிய அன்றே விசையை ஏற்றி வைப்பது. எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கித்தான் போகும். நான்கு நாள் விசை ஏற்றாமல் கருவாட்டுத் துண்டோ வாட்டிய தேங்காய்ச் சில்லோ வைத்துச் சும்மா விடுங்கள். தின்றுவிட்டுப் போகட்டும். ஐந்தாம் நாள் ஏற்றுங்கள். ஒன்று இரண்டு வைக்காதீர்கள், ஒரே ராத்திரியில் எட்டுப் பத்து வையுங்கள். பொறியின் வாய் சுவரைப் பார்த்து இருக்கட்டும்.

வயல் எலிக்கு டெல்டாப் பக்கம் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பார்கள், மூங்கிலில் வில் மாதிரி செய்தது. என் தங்கை கட்டிக்கொடுத்த ஊரில் நெல் வயல் முழுக்க அதை நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதோடு கூகை உட்காரக் குச்சி நடுவார்கள். மருந்தே இல்லாமல் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

2025 ஜனவரி 5
கேள்வி கேட்டவர் கல்மாவுத் தடத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். நான் முதல் நாளே மரநாய் என்று எழுதினேன். தடத்தில் நான்கு விரல், நகம் நன்றாகப் பதிந்திருக்கிறது. கோழியைக் கொன்றது நாய். அதுவும் சின்ன நாய், பக்கத்துச் சாளைக் குட்டியாகக்கூட இருக்கும். யாருடைய நாய் என்று பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள், ராத்திரியில் கட்டிப்போட்டால் முடிந்துவிடும் விஷயம். பார்க்காமலே மரநாய் தலையில் பழியைப் போட்டது என் தப்பு. மரநாயும் கோழி பிடிக்கும்தான், ஆனால் இங்கே அது பிடிக்கவில்லை.

ஓட்டுக்கு அடியில் ஓடுகிறதே, அதுதான் மரநாய். ஓட்டு மேல் பப்பாளி விதை எச்சம் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். பகலில் படுக்க இடம் தேடி வந்திருக்கும். கீச் கீச்சென்று மெல்லிய சத்தமும் கேட்டால் குட்டி போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது சந்தை அடைத்துவிடாதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் ஓட்டையே பெயர்க்கும், குட்டி உள்ளே செத்து நாறும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் குட்டியோடு அதுவே போய்விடும். பொறுக்க முடியாது என்றால் விட்டத்தில் ஒரு பல்பைக் கட்டி ராத்திரி பகலாக எரியவிடுங்கள். இடம் சரியில்லை என்று தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். எங்கள் சாளையில் ஆறு நாள் எரித்தோம். போன பிறகு அடைக்கலாம், சாளையைத் தொடும் மரக்கிளையையும் வெட்டிவிடலாம்.

பிடித்து அடிப்பது, கண்ணி வைப்பது எல்லாம் 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் குற்றம். மரநாய், கீரி, உடும்பு, சாரை எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் உண்டு.

2025 ஜனவரி 20
எலி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை சுத்தமானது, ரத்தம் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். நான் ஒரே தடவைதான் வைத்தேன்.

காலையில் பார்த்தால் அதில் ஒரு சாரைக் குட்டி. முழங்கை நீளம் இருக்கும். எலியைத் தேடி வந்து உடம்பு முழுக்க ஒட்டிக்கொண்டு, தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பிடித்து இழுத்தால் தோல் கழன்று வந்துவிடும். அத்தைதான் கடலை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். "இழுக்காத கண்ணு, எண்ணெய ஊத்து, அதுவே கழண்டு வரும்" என்றார். சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய துணியால் வால் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளினோம். முக்கால் மணி நேரம் ஆனது. எண்ணெயும் தூசுமாக வேலிப் பக்கம் ஊர்ந்து போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்ச அட்டையை எரித்துவிட்டோம். சாரைதான் என்று அத்தைக்கு நிச்சயமாகத் தெரிந்ததால் செய்தோம். தெரியாத பாம்பைத் தொடாதீர்கள், தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

பூண்டு, ஃபினாயில், மண்ணெண்ணெய் இதெல்லாம் பாம்பை விரட்டாது. எலி இருந்தால் பாம்பு வரும், அதுதான் கணக்கு. ராத்திரி தீவன அறைக்குப் போகும்போது டார்ச், காலில் மூடிய செருப்பு, மூட்டைக்குப் பின்னால் கையை விடாமல் கட்டையால் ஒரு தட்டு. கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும், கீறி ரத்தம் எடுப்பதும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு. கட்டுவிரியன் கடி எறும்புக் கடி மாதிரிகூட வலிக்காது, தடமும் தெரியாது, அதனால் வலி இல்லை என்று தூங்கப் போய்விடாதீர்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று. எலி வங்கையைத் தோண்டிப் பிடிப்பதில் இருளர் மக்களுக்கு இணை யாரும் இல்லை. வங்கைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லையும் வெளியே எடுத்துவிடுவார்கள். 1978இல் அவர்களுக்காகத் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு விஷம் அங்கிருந்து போகிறது.

2025 மார்ச் 16
இரண்டு மாதம் எழுதவில்லை. பிப்ரவரியில் எங்கள் பட்டியில் நாய் புகுந்தது. ஒரே ராத்திரியில் ஏழு ஆடு.

பட்டிக்கு அப்போது படல்தான் கட்டியிருந்தோம். ஐந்தாறு நாய் இருக்கும் என்று தடத்தில் தெரிந்தது. படலுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. தின்னவில்லை. தொடையிலும் கழுத்திலும் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போயிருக்கிறது. நான் போனபோது ஒரு சினை ஆடு மூலையில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் கிழிந்து தொங்கியது, ஆனால் நின்றது. என்னைப் பார்த்ததும் வந்து என் முட்டியில் தலையை வைத்தது. மத்தியானம் செத்துப் போனது.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் எத்தனை பட்டியில் இப்படி ஆகியிருக்கிறது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். செத்த ஆட்டை ரோட்டில் போட்டு மறியல் செய்தார்கள், அதற்கப்புறம்தான் இழப்பீடு என்ற பேச்சே வந்தது. உங்களுக்கு நடந்தால் புதைப்பதற்கு முன் படம் எடுங்கள், கால்நடை மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அன்றைக்கே வரவழையுங்கள். மனசு தாங்காமல் விடிந்ததுமே புதைத்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

படலை எடுத்துவிட்டோம். ஆறு அடிக் கம்பிவலை, அடியில் ஒன்றரை அடி வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைத்து மேலே கல் அடுக்கினோம். நாய் வலையின் அடியில்தான் தோண்டும், தள்ளி நின்று தோண்டாது. சோலார் விளக்கு இரண்டு. காயத்தோடு தப்பிய ஆடுகளுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டோம். மனிதரைக் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசியைச் சொன்ன நாளில் எல்லாம் போட வேண்டும், இரண்டோடு நிறுத்தக் கூடாது.

2025 மார்ச் 17
நேற்று எழுதியதற்கு வந்த பதிலைப் படித்தேன். கறியில் பயிருக்குப் போடும் குருணை மருந்தைத் தடவி நாய்க்கு வைக்கச் சொல்கிறார்கள். அந்த வாரம் அதே யோசனை எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் வளர்க்கும் நாய், மயில், காக்கை, கீரி எல்லாம் அதைத் தின்னும் என்ற நினைப்பில்தான் நின்றேன். கூகையைக் கையில் எடுத்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

நாய் கூட்டமாவதற்குக் காரணம் ரோட்டோரத்தில் கொட்டுகிற கோழிக் கழிவு. எங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாக்குச் சாக்காக வந்து விழும். கறிக்கடைக்காரர்கள் நான்கு பேரோடு ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசினோம். இரண்டு பேர் குழி வெட்டிப் புதைக்கிறார்கள், இரண்டு பேர் இன்னும் கேட்கவில்லை. 2023ஆம் வருஷ விதிப்படி நாயைப் பிடித்தால் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விட வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த வசதி இல்லை. கேட்டுக் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம், விடப் போவதில்லை.

2025 ஏப்ரல் 27
கேள்வி கேட்டவர் அறையை அடைத்துவிட்டார். நாற்பது நாளில் ஒரு மூட்டைகூட ஓட்டையில்லை. மரநாய் குட்டியோடு போய்விட்டது. பக்கத்துச் சாளை நாய்க்குட்டிக்கு இப்போது சங்கிலி.

2025 ஆகஸ்ட் 10
டிசம்பரில் தீவன அறையின் சந்துகளை அடைக்கச் சொன்னேன். அடைக்கக் கூடாத ஒன்றும் உண்டு.

மோட்டார் ரூம் சுவரின் பொக்கையை அடைக்க வலையும் ஆணியும் வாங்கி வைத்து மூன்று வருஷமாகிறது. கை வரவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மட்டும் தகரக் கூடு செய்து ஒயரை எல்லாம் குழாய்க்குள் விட்டாயிற்று. போன வாரம் காலையில் பெட்டிக்குக் கீழே தரையில் கட்டை விரல் அளவுக்குக் கறுப்பாக, எண்ணெய் பூசின மாதிரி மினுமினுப்போடு ஒரு உருண்டை கிடந்தது. நாய் எச்சம் என்று மிதித்துவிட்டுப் போக இருந்தேன். பக்கத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு தாரை இறங்கியிருந்தது.

தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, சின்னவனும் நானும் ஊக்கால் பிரித்தோம். முடி, முடி, முடி. அப்புறம் ஒரு தாடை எலும்பு. வரிசையாகத் துணியில் வைத்தான். நான்கு மண்டையோடு, ஒவ்வொன்றிலும் முன்பல் ஆரஞ்சு நிறத்தில். இப்போதெல்லாம் ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் அவன் பயப்படுவதில்லை, ஜன்னலுக்கு ஓடுகிறான்.